மின்காரின் சின்ன பேட்டரி: மாற்றும்போது எதைப் பார்த்து வாங்குவது?

நிஸ்ஸான் லீஃப் மின்காரின் இரண்டாம் தலைமுறை மாடலில், இருக்கைகளுக்கு அடியில் 40 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி படுத்திருக்கிறது. நாளுக்கு எட்டு யூனிட் செலவாகும் ஒரு வீட்டை அதை வைத்து ஐந்து நாள் நடத்தலாம். அதே காரின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால், பெட்ரோல் கார்களில் காலங்காலமாக நாம் பார்த்துவரும் அதே 12 வோல்ட் ஈய–அமில பேட்டரி உட்கார்ந்திருக்கும். 45 ஆம்பியர்–மணி கொண்ட பேட்டரி என்று வைத்துக்கொண்டால், அதன் முழுக் கொள்ளளவு அரை யூனிட்டுக்குச் சற்று மேல்; பெரியதில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு. ஆனாலும் அந்தச் சின்னது உயிரை விட்டால் கார் அசையாது. கதவு ரிமோட்டுக்குத் திறக்காது, திரை விழிக்காது. சார்ஜிங் கன்னைச் செருகினாலும் பல கார்களில் சார்ஜ் ஏறாது.

அப்படிப்பட்ட நாளில்தான் பெரும்பாலோர் இந்தப் பேட்டரியைப் பற்றி முதன்முறையாக யோசிக்கிறார்கள். பெட்ரோல் காருக்கு வாங்கிய பழக்கத்தில், “இருப்பதிலேயே பவர் அதிகமானதைக் கொடுங்கள்” என்று கடையில் கேட்கிறார்கள். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. ஏன் என்று புரிந்துகொள்ள, இந்தப் பேட்டரி காரில் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்டிக்குள் பூட்டிய சாவி

பெரிய பேட்டரியின் மின்னழுத்தம் பெரும்பாலான கார்களில் 300 முதல் 400 வோல்ட் வரை. சில புதிய கார்களில் 800 வோல்ட்டை ஒட்டி வரும். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் போனாலே வாகன விதிகள் அதை உயர் அழுத்தம் என்று வகைப்படுத்துகின்றன. எனவே கார் அணைந்திருக்கும்போது பெரிய பேட்டரியை மற்ற பாகங்களிலிருந்து முழுவதுமாகத் துண்டித்து வைப்பார்கள். அந்தத் துண்டிப்பைச் செய்பவை ‘கான்டாக்டர்’ எனப்படும் தடித்த ரிலே சுவிட்சுகள். விபத்து நேர்ந்தால் நொடியின் சிறு பகுதியில் இவை விலகிக்கொள்ளும். மின்சாரம் பேட்டரிப் பெட்டியைத் தாண்டி வெளியே வராது.

இந்தச் சுவிட்சை மூட ஒரு மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். அது 12 வோல்ட்டிலிருந்து வருகிறது. மூடலாமா, கூடாதா என்று முடிவெடுக்கும் கணினிகளும் 12 வோல்ட்டில்தான் இயங்குகின்றன. பெட்டியைத் திறக்கும் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்ட முடியாது. வெளியே ஒருவர் வைத்திருக்க வேண்டும். சின்ன பேட்டரி செய்வது அந்த வேலைதான்.

கான்டாக்டர் மூடியதும் நிலைமை தலைகீழாகிறது. ‘டிசி–டிசி கன்வர்ட்டர்’ என்னும் கருவி பெரிய பேட்டரியின் உயர் அழுத்தத்தை 13, 14 வோல்ட்டாக இறக்கித் தருகிறது. விளக்கு, வைப்பர், ஸ்டீயரிங் உதவி, பாட்டு எல்லாம் அதிலிருந்தே ஓடும். சின்ன பேட்டரிக்கும் அதிலிருந்தே சார்ஜ் ஏறும். பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர் செய்த வேலையை இது செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிய பேட்டரியின் இணைப்பு திடீரென்று அறுந்தால், பிரேக்கின் மின்னணுவையும் அபாய விளக்குகளையும் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பும் சின்னதற்கு உண்டு. ஆகவே, இத்தனை யூனிட்டைச் சுமக்கும் காருக்கு இது எதற்கு என்று தூக்கி எறிந்துவிட முடியாது.

பலசாலி தேவையில்லை

1912-ல் காடிலாக் நிறுவனம் தன் கார்களில் மின்சார ஸ்டார்ட்டரைப் பொருத்தியது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய அந்தக் கருவி வரும்வரை பெட்ரோல் எஞ்சினைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். கைப்பிடி எகிறி அடித்து எலும்பு முறிந்தவர்கள் உண்டு. அந்தத் தொல்லை இல்லாததே அன்றைய மின்கார்களின் பெரிய கவர்ச்சியாக இருந்தது. ஸ்டார்ட்டர் வந்ததும் அந்தக் கவர்ச்சி போயிற்று. மின்கார்கள் பின்வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மின்காரை விரட்ட உதவிய அதே ஈய–அமில பேட்டரி, நூறு ஆண்டு கழித்து மின்காரை எழுப்பிவிடும் வேலையில் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் இரண்டு வேலைகளும் ஒன்றல்ல.

பெட்ரோல் எஞ்சினைச் சுழற்ற, சுமார் 150 ஆம்பியர் மின்னோட்டம் இரண்டு நொடி தேவைப்படுகிறது என்று கொள்வோம். கணக்குப் போட்டால் அது 0.08 ஆம்பியர்–மணிதான். வேகம் மிக அதிகம், அளவோ சொற்பம். கிளம்பியதும் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். அந்தப் பேட்டரி தன் ஆயுளில் பெரும்பகுதியை நிறைந்த வயிற்றோடு கழிக்கிறது. இதற்கென்றே அதில் நிறைய மெல்லிய ஈயத் தகடுகளை அடுக்கியிருப்பார்கள். தகட்டின் பரப்பு கூடினால் ஒரே நொடியில் பெரும் மின்னோட்டம் கிடைக்கும்.

மின்காரில் அந்த 150 ஆம்பியருக்கு வேலையே இல்லை. கணினிகள் விழித்து, கான்டாக்டர் மூடும் வரைக்கும் சில நொடிகளுக்குச் சில பத்து ஆம்பியர் போதும். தொல்லை கார் நிற்கும் நேரத்தில் வருகிறது. சாவியின் சமிக்ஞைக்குக் காத்திருக்கும் ஏற்பி, செல்பேசிச் செயலியோடு பேசும் மோடம், திருட்டு அலாரம் எல்லாம் உறக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகின்றன. 30 மில்லி ஆம்பியர் என்றாலும் நாளுக்கு 0.72 ஆம்பியர்–மணி, ஒரு மாதத்தில் 45 ஆம்பியர்–மணி பேட்டரியில் பாதி காலி. இடையில் செயலியைத் திறந்து “சார்ஜ் எவ்வளவு இருக்கிறது” என்று அடிக்கடி பார்த்தால், ஒவ்வொரு முறையும் கணினிகள் விழித்து ஆம்பியர் கணக்கில் செலவு செய்யும்.

ஆக, பெட்ரோல் காரின் பேட்டரி ஒரு நொடிப் பலசாலி. மின்காருக்கு வேண்டியதோ, மெதுவாகக் காலியாகி மறுபடி நிரம்பும் சுழற்சியைச் சலிக்காமல் தாங்கும் பேட்டரி. மெல்லிய தகடுகளுக்கு இந்த ஆழமான சுழற்சி ஒத்துவராது. தகட்டில் பூசியிருக்கும் செயல்படு பொருள் மெல்ல உதிர்ந்துவிடும். பாதி காலியாகவே நாள்கணக்கில் கிடந்தால், மின்னிறக்கத்தில் உண்டான ஈய சல்ஃபேட் கடினப் படிகங்களாக இறுகி, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் கரையாமல் நிற்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பெட்ரோல் காரில் பேட்டரி தளர்ந்தால், காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுழன்று முன்கூட்டியே எச்சரிக்கும். மின்காரில் அந்த முனகல் கிடையாது. குறிப்பிட்ட மின்னழுத்தம் வரை கணினிகள் வழக்கம்போல இயங்கும். அதற்குக் கீழே இறங்கினால் ஒரேயடியாகப் படுத்துவிடும். அதனால்தான் முதல் நாள் மாலை நன்றாக ஓடிய கார் மறுநாள் காலையில் திறக்க மறுக்கிறது.

செத்தது பேட்டரிதானா?

புதியது வாங்குமுன் பழையதைச் சோதிப்பது நல்லது. சாதாரண மல்டிமீட்டர் போதும். கார் சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின், ஈய–அமில பேட்டரி 12.6 வோல்ட் அல்லது மேல் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் சுமார் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. ஆனால் கொள்ளளவை இழந்துவிட்ட கிழட்டு பேட்டரியும் சார்ஜ் ஏற்றிய கையோடு 12.6 காட்டும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை அறிய, பேட்டரிக் கடைகளில் வைத்திருக்கும் சோதனைக் கருவியால் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிறகு காரை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து அதே முனைகளில் மீண்டும் அளக்க வேண்டும். 13 வோல்ட்டுக்கு மேல் வந்தால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது. ஓய்வில் இருந்த அளவிலேயே நின்றால் குற்றவாளி வேறு. புதுப் பேட்டரி போட்டாலும் சில நாளில் அதே கதிதான். 2024-ல் அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் ஐயோனிக் 5, இவி6 உள்ளிட்ட மின்கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே இதுதான். சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஒருங்கிணைந்த கருவி பழுதடைந்து, 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் போவது நின்றுபோக வாய்ப்பிருந்தது. அடிக்கடி பேட்டரி மாற்றுகிறவர்கள் பேட்டரிக் கம்பெனியைத் திட்டுமுன் கன்வர்ட்டரைப் பார்க்க வேண்டும்.

எண்களைப் படிக்கும் விதம்

பேட்டரியின் மேலட்டையில் பெரிதாக அச்சிடப்படும் எண்களில் ஒன்று சி.சி.ஏ. மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில், 30 நொடி நேரம், 7.2 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் எவ்வளவு ஆம்பியர் தர முடியும் என்பதை அது சொல்கிறது. பனியில் உறைந்த எஞ்சினைச் சுழற்றுகிறவர்களுக்கான எண் அது. சுழற்ற எஞ்சினே இல்லாத காருக்கு, அதுவும் நம் ஊர் வெயிலில், அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. சில சமயம் அது கெடுதலும்கூட: ஒரே அளவுப் பெட்டிக்குள் சி.சி.ஏ.வைக் கூட்ட, தகடுகளை இன்னும் மெல்லியதாக்குவது ஒரு வழி.

பார்க்க வேண்டியவை வேறு இரண்டு எண்கள். ஒன்று ஆம்பியர்–மணி. அதை 20 மணி நேரக் கணக்கில் சொன்னார்களா, 5 மணி நேரக் கணக்கில் சொன்னார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே பேட்டரி முதல் கணக்கில் 45 என்றும், இரண்டாவதில் சுமார் 36 என்றும் வரும். மற்றொன்று ‘ரிசர்வ் கப்பாசிட்டி’. ஏறத்தாழ 27 டிகிரி வெப்பத்தில் 25 ஆம்பியரைத் தொடர்ந்து எத்தனை நிமிடம் தரும் என்பது அது. மின்காரின் வேலைக்கு நெருக்கமான அளவு இதுவே.

ஜப்பானியக் கார்களிலும் இந்தியாவில் ஓடும் பல கார்களிலும் 46B24L என்பது போன்ற குறியீட்டைப் பார்க்கலாம். முதல் எண்ணை ஆம்பியர்–மணி என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அது வெறும் செயல்திறன் தர எண். நடுவில் வரும் எழுத்து பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் குறிக்கிறது; 24 என்பது நீளம், சென்டிமீட்டரில். கடைசி எழுத்து நேர்முனை எந்தப் பக்கம் என்று சொல்கிறது. அதற்குப் பின்னால் S வந்தால் முனைகள் தடித்தவை. முதல் எண் சற்று மாறினால் குடி முழுகாது. மற்றவை மாறினால் பேட்டரி தட்டில் உட்காராது, அல்லது கேபிள் எட்டாது. ஜப்பானிலிருந்து பயன்படுத்திய கார்களாக வந்து இலங்கைச் சாலைகளில் ஓடும் லீஃப்களின் சொந்தக்காரர்களுக்கு இந்தக் குறியீடு அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த வகை?

1859-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளான்தே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் முக்கி உருவாக்கிய வேதியியல்தான் இன்றும் அடிப்படை. அதன்மேல் மூன்று வகைகள் கடையில் கிடைக்கின்றன. முதலாவது, அமிலம் திரவமாகவே இருக்கும் சாதாரண பேட்டரி. விலை குறைவு, ஆழமான சுழற்சிக்கு ஏற்றதல்ல. இரண்டாவது இ.எஃப்.பி. இதிலும் அமிலம் திரவம்தான். ஆனால் தகட்டின் பூச்சு உதிராமலிருக்க மெல்லிய பாலியெஸ்டர் வலையால் அணைத்திருப்பார்கள். மூன்றாவது ஏ.ஜி.எம். அமிலம் கண்ணாடி இழைப் பாய்களில் ஊறியிருக்கும். தகடுகள் இறுக்கமாக அழுத்தப்பட்டிருக்கும். உள்ளே உருவாகும் ஆக்சிஜன் திரும்பவும் நீராகச் சேர்ந்துகொள்வதால் நீர் வற்றாது. பின்னிரண்டும், சிக்னலில் எஞ்சின் தானாக நின்று கிளம்பும் கார்களுக்குப் பரவலானவை. அடிக்கடிச் சுழற்சியைத் தாங்க வடிவமைக்கப்பட்டதால் மின்காருக்கும் பொருந்துகின்றன.

அப்படியானால் எல்லோரும் ஏ.ஜி.எம். வாங்கிவிடலாமா? இங்கேதான் பெரும்பாலோர் கவனிக்காத கேள்வி வருகிறது: உங்கள் காரின் கன்வர்ட்டர் எத்தனை வோல்ட்டில் ஊட்டுகிறது?

லீஃபை எடுத்துக்கொள்வோம். அது கிளம்பியதும் கொஞ்ச நேரம் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துவிட்டு, பிறகு பெரும்பாலான பயண நேரத்தில் 13 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். மின்சாரம் மிச்சமாகும், நீர் வற்றுவதும் குறையும். ஆனால் ஈய–அமில பேட்டரியை முழுமையாக நிரப்ப 14.4 வோல்ட் அளவில் பல மணி நேரம் வேண்டும். ஏ.ஜி.எம். வகைக்கு ஓய்வில் நிறைந்த நிலையே 12.8 வோல்ட்டுக்கு மேல். 13 வோல்ட் அதற்கு மிகச் சொற்பமான தள்ளுவிசை. ஆகவே விலை உயர்ந்த ஏ.ஜி.எம். போட்டும் அது அரைகுறை வயிற்றோடு சல்ஃபேட் பிடித்து முன்கூட்டியே போகலாம். இதற்கு மருந்து எளியது: மாதம் ஒருமுறையோ, நீண்ட விடுமுறைக்கு முன்னும் பின்னுமோ, வெளியிலிருந்து ஒரு தானியங்கி சார்ஜரை இரவு முழுக்கப் பொருத்தி வைப்பது. அப்போது சார்ஜரின் எதிர்முனையைப் பேட்டரி முனையில் மாட்டாமல் காரின் உலோக உடலில் மாட்ட வேண்டும். லீஃபில் எதிர்முனைக் கேபிளில்தான் மின்னோட்டத்தை எண்ணும் சென்சார் இருக்கிறது. அதைத் தாண்டி மாட்டினால் ஏறிய சார்ஜ் காரின் கணக்கில் வராது.

எனவே விதி இதுதான்: காரோடு எந்த வகை வந்ததோ அதே வகை, அல்லது அதே மின்னழுத்தத்தில் நிரம்பக்கூடிய ஒரு படி மேலான வகை. சாதாரண பேட்டரி இருந்த இடத்தில் இ.எஃப்.பி. பெரும்பாலும் பாதுகாப்பான உயர்வு. ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் சாதாரணத்தைப் போடக் கூடாது. பேட்டரி காரின் உள்ளே, டிக்கி அடியில் இருந்தால் இது கட்டாயம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்தை எட்டினாலே தீப்பற்றும். அதனால்தான் அத்தகைய கார்களில் வாயுவை வெளியேற்ற மெல்லிய குழாய் இருக்கும். புதிய பேட்டரியிலும் அதற்கான துளை இருக்கிறதா, குழாயைத் திரும்பச் செருகினார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் ஆசை

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையிலும் 12 வோல்ட் பேட்டரிகள் கிடைக்கின்றன. எடை பாதிக்கும் குறைவு. ஈய–அமிலத்தைவிடப் பன்மடங்கு சுழற்சி தாங்கும். பாதி நிறைந்து கிடந்தாலும் சல்ஃபேட் தொல்லை இல்லை. ஆனால் அவற்றின் மின்னழுத்தம் 13.3 வோல்ட்டுக்கும் 13-க்கும் இடையில் வெகுநேரம் கிட்டத்தட்ட மாறாமல் நிற்கும். ஈய–அமிலத்துக்கென்று எழுதப்பட்ட காரின் மென்பொருள் அதைப் பார்த்து “நிறைந்திருக்கிறது” என்றே கருதும். 13 வோல்ட்டில் ஊட்டும் காரில் அது பாதிக்கும் கீழேதான் நிரம்பும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு குளிர்நாடுகளில் முக்கியம். எல்லாவற்றையும்விட, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று அழுத்தம் எல்லை மீறினால் சட்டென்று துண்டித்துக்கொள்ளும். காரின் கணினிகளுக்கு அது இடி விழுந்த மாதிரி.

டெஸ்லா 2021 முதல் தன் கார்களில் ஈய–அமிலத்தை விட்டு லித்தியம்–அயனுக்கு மாறியது. அது சுமார் 15.5 வோல்ட், கொள்ளளவு 7 ஆம்பியர்–மணிக்கும் குறைவு, அதாவது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. பழைய பேட்டரியோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சிறியது எப்படிப் போதுமானதாகிறது? தேவைப்படும்போதெல்லாம் கார் தானாகவே பெரிய பேட்டரியை இணைத்து இதை நிரப்பிக்கொள்கிறது. ஊட்டும் முறை சரியாக இருந்தால் பாத்திரம் பெரிதாக இருக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தக் காரில் 12 வோல்ட் ஈய–அமிலத்தையோ, பழைய டெஸ்லாவில் இந்த லித்தியத்தையோ மாற்றிப் பொருத்த முடியாது. இரண்டுக்கும் மின்னழுத்தமே வேறு.

கடையிலும் அதற்குப் பிறகும்

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். அலமாரியில் கிடக்கும் ஈய–அமில பேட்டரி தானாகவே சார்ஜை இழக்கும். வெப்பமான கிடங்கில் இன்னும் வேகமாக. ஆறு மாதத்துக்குள் தயாரானதும், மீட்டரில் 12.6-க்குக் குறையாததும் வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய–அமில பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. எஞ்சின் சூடு இல்லாததால் மின்காரில் இது சற்று ஆறுதல். ஆனாலும் வெயிலில் நிறுத்தாமல் நிழல் தேடுவது பேட்டரிக்கும் லாபம்.

கழற்றும்போது முதலில் எதிர்முனை, மாட்டும்போது கடைசியில் எதிர்முனை. ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். அது உயர் அழுத்தத்தின் அடையாளம். பி.எம்.டபிள்யூ போன்ற சில கார்களில் புதிய பேட்டரி வந்த செய்தியைக் கணினியில் பதிவு செய்தால்தான் சார்ஜ் முறை சரியாகும். உங்கள் கையேட்டில் அப்படி இருந்தால் சர்வீஸ் நிலையத்தில் செய்துகொள்ளுங்கள். முன்மூடியே மின்சாரத்தில் திறக்கும் கார்களில், பேட்டரி செத்தபின் அதை எப்படித் திறப்பது என்று முன்கூட்டியே படித்துவைக்க வேண்டும். டெஸ்லா மாடல் 3-ல் இழுவைக் கொக்கியின் மூடிக்குப் பின்னால் இதற்கென்றே இரண்டு கம்பிகள் உண்டு. ஒரு சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டர் மின்காரை எழுப்பப் போதும். பக்கத்து வீட்டுப் பெட்ரோல் காரைக் கிளப்ப உங்கள் மின்காரிலிருந்து கேபிள் போடாதீர்கள். அந்த 150 ஆம்பியருக்கு இந்தச் சின்ன பேட்டரியும் கன்வர்ட்டரும் ஏற்பட்டவை அல்ல.

பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். ஈயம் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நஞ்சு; அதேசமயம் திரும்பத் திரும்ப உருக்கிப் பயன்படுத்தக்கூடிய உலோகம். விற்றவற்றுக்கு ஈடாகப் பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்மீது வைக்கின்றன. கடைக்காரரும் விலையில் கழித்துக்கொடுப்பார்.

கடையில் கேட்க வேண்டியவை ஆக மூன்று: என் காரோடு வந்த அதே வகையா; அதே அளவும் அதே முனைப் பக்கமுமா; எந்த மாதம் தயாரானது? இந்த மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்துவிட்டால், அட்டையில் சி.சி.ஏ. 300 என்றிருக்கிறதா, 400 என்றிருக்கிறதா என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் பணத்தைக் கொடுக்கலாம்.